மழைத்தண்ணி வாய்க்கால்ல போட்ட புல்லு காயுதா, அழுகுதா, அரிக்குதா: ராமநாதபுரம் கடலோரத்துக்கு அறிகுறி பாத்து வைத்தியம்

நான் உச்சிப்புளி பக்கம். மண்டபத்துல இருந்து கீழக்கரை வரைக்கும், அங்கிட்டு பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் வரைக்கும் வீடு, லாட்ஜ், பள்ளிக்கூடம்னு தோட்டவேலை எடுத்து செய்யிறேன், பன்னெண்டு வருஷமாச்சு. கொஞ்ச நாளா ஒரு நல்ல பழக்கம் வந்துருக்கு, மொட்டைமாடி தண்ணியையும் முத்தத்து தண்ணியையும் சிமெண்டு கால்வாய்ல விட்டு ரோட்டுக்கு தள்ளாம காம்பவுண்டுக்குள்ளயே ஆழமில்லாத ஒரு வாய்க்கா எடுத்து, அதுல புல்லு போட்டு, தண்ணிய மெதுவா நடக்கவிட்டு மண்ணுக்குள்ள இறக்குறாங்க. நம்ம ஊர்ல நல்ல தண்ணிங்கிறது மழை ஒண்ணுதான், அதனால இத எத்தனை பேர் செஞ்சாலும் எனக்கு சந்தோஷம். ஆனா போட்ட மறு வருஷமே போன் வருது, புல்லு காஞ்சிருச்சு, அழுகிருச்சு, மண்ண அரிச்சுருச்சுன்னு. போன்ல ஒவ்வொருத்தருக்கா சொன்னத எல்லாம் சேத்து இங்க எழுதுறேன்.

முதல்ல மூணு விஷயம் பாத்துக்கங்க. எந்த மாசத்துல ஆரம்பிச்சுது, வாய்க்கால்ல எந்த எடத்துல ஆரம்பிச்சுது (தண்ணி நுழையிற வாயா, நடு அடியா, ரெண்டு பக்க சரிவா), கோடையில என்ன தண்ணி விட்டீங்க. இந்த மூணையும் சரியா சொன்னாலே பாதி நோய் பிடிபட்டுரும். மே மாசத்துல காயிற புல்லும் நவம்பர்ல காயிற புல்லும் பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும், ஆனா ஒண்ணு உப்பு, இன்னொண்ணு வேர் மூச்சு முட்டுறது, மாத்தி வைத்தியம் பாத்தா இருக்குறதும் போயிரும்.

மழை விட்டு ரெண்டு நாளாச்சு, தண்ணி இன்னும் நிக்கிது

இதுதான் அதிகமா வர்ற புகார், ஆபத்தும் இதுதான், ஏன்னா கொசு முட்டை போட்டு பறக்குற அளவுக்கு வளர ஒரு வாரம் பத்து நாள் போதும், நீங்க 48 மணி நேரத்துக்குள்ள தண்ணிய இறக்கிடணும்னு கணக்கு வச்சுக்கங்க.

வாய்க்கா அடியில ஒரு நீளமான ஸ்குரு டிரைவர குத்தி பாருங்க. மேல ரெண்டு மூணு செ.மீ. கெட்டியா இருந்து அதுக்கப்புறம் பொசுக்குன்னு உள்ள போனா மாடியில இருந்தும் ரோட்டுல இருந்தும் வந்த வண்டல் மேல தோல் மாதிரி படிஞ்சிருக்குன்னு அர்த்தம். தண்ணி வடிஞ்சு மண்ணு ஈரப்பதம் கொஞ்சம் குறைஞ்சதும் அந்த தோல மம்பட்டியால சொரண்டி எடுத்துட்டு, கடப்பாரையால ஒரு ஜாண் இடைவெளியில ஒரு ஜாண் ஆழம் குத்தி குத்தி விட்டு ஓட்டைய ஆத்துமணலும் மக்குன எருவும் கலந்து நிரப்புங்க. ஈரமா இருக்கும்போதே உள்ள இறங்கி மிதிச்சீங்கன்னா இன்னும் இறுகிரும், அந்த அவசரம் வேண்டாம்.

முழுசாவே கெட்டியா இருந்தா அது வீடு கட்டும்போது லாரியும் ஜேசிபியும் ஏறி இறங்குன எடமா இருக்கும், ரொம்ப வீட்ல பாத்துட்டேன், கட்டடம் முடிஞ்சதும் மிச்சம் கிடந்த ஜல்லி சிமெண்டு எல்லாத்தையும் மேல ஒரு லோடு செம்மண்ண போட்டு மூடி அதுமேல புல்ல விரிச்சுட்டு போயிருப்பாங்க. அதுக்கு குத்தி விடுறது பத்தாது. ஒன்றரை அடி தோண்டி கிளறித்தான் ஆகணும்.

மூணாவது, மண்ணே சோடியம் ஏறுன களிமண்ணா இருக்கலாம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கமும், கடல விட்டு கொஞ்சம் உள்ள தள்ளி கருமண்ணு வர்ற எடத்துலயும் இது உண்டு. கண்டுபிடிக்க காசு வேண்டாம். பட்டாணி அளவு காஞ்ச மண்கட்டி ஒண்ண ஒரு கண்ணாடி கிளாஸ்ல பிடிச்சுவச்ச மழைத்தண்ணியில மெதுவா போடுங்க, கலக்காதீங்க, ஆட்டாதீங்க, ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. கட்டி உடைஞ்சு விழுந்தும் தண்ணி தெளிவா இருந்தா மண்ணுல சத்து இல்ல, மக்குன எரு போட்டா தேறும். கட்டிய சுத்தி பால் ஊத்துன மாதிரி கலங்கல் பரவுனா சோடியம். அந்த மண்ணு மழைத்தண்ணி பட்டதும் கரைஞ்சு பொடிப்பொடியா பிரிஞ்சு எல்லா சந்தையும் அடைச்சுக்கும். போர் தண்ணியில இந்த சோதனைய பண்ணாதீங்க, உப்பு தண்ணியில கலங்கல் வராது, மண்ணு நல்லா இருக்குன்னு ஏமாந்துருவீங்க. சோடியம்னு தெரிஞ்சா ஜிப்சம் போடணும், சென்ட்டுக்கு 15 முதல் 20 கிலோன்னு நான் ஆரம்பிப்பேன், செப்டம்பர் கடைசியில போட்டு கிளறி விட்டா அக்டோபர் மழை அத கரைச்சு கீழ இழுத்துட்டு போகும். சரியான அளவு வேணும்னா மண்ண டெஸ்ட் பண்ணுங்க, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்துலயே இருக்கு, உப்பு மண்ணுக்குன்னே உள்ள எடம், அங்க கேட்டுக்கலாம்.

கடைசி காரணம் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் மாதிரி மணல் தீவுக்கு. மணலு தண்ணிய நல்லா குடிக்கும், ஆனா கீழ குடிக்க எடம் இருக்கணும்ல. இங்க நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு கிடக்கு, நவம்பர் வந்துட்டா அது மேல ஏறி வந்துரும். மூணு அடி குழி தோண்டி ஒரு ராத்திரி விட்டு பாருங்க, ரெண்டு அடியிலயே தண்ணி ஊறி நின்னா உங்க வாய்க்காவ ஆழப்படுத்துறது வீண் வேலை, அகலப்படுத்துங்க. ஆழம் ஒரு ஜாண் போதும், அகலம் ஆறடி எட்டடின்னு விரிச்சு விடுங்க.

புதுசா வாய்க்கா எடுக்கப்போறவங்க இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு அடி ஆழத்துல குழி தோண்டி ஒருவாட்டி தண்ணி நிரப்பி வடியவிட்டு, ரெண்டாவது வாட்டி நிரப்பி ஸ்கேல வச்சு அளந்துருங்க. மணிக்கு ஒன்றரை செ.மீ.க்கு மேல இறங்குனா வெறும் புல்லு வாய்க்காவே போதும். அதுக்கு கீழன்னா அடியில மணல் படுக்கை போட்டு, மிச்ச தண்ணி போக ஒரு கலுங்கும் வச்சுத்தான் கட்டணும்.

நுனி வெளுத்து காயுது, தண்ணி விட விட இன்னும் காயுது

ஏப்ரல், மே, ஜூன்ல இது வந்தா நூத்துக்கு தொண்ணூறு உப்புதான். புல்லு நுனியில இருந்து கீழ இறங்கி காயும், மண்ணு மேல அங்கங்க வெள்ளையா பூத்திருக்கும், வாய்க்கா சரிவுல மேல் ஓரத்துலதான் முதல்ல தெரியும், ஏன்னா ஈரம் மேல ஏறி ஆவியாகிற எடம் அது, தண்ணி போயிரும் உப்பு தங்கிரும். பாக்குறவங்க என்ன செய்வாங்க, காயுதேன்னு தினம் சாயங்காலம் போர் தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா தெளிப்பாங்க. அது தினம் ஒரு கரண்டி உப்ப வைக்கிற மாதிரி.

எங்க வீட்டு போரையே சொல்றேன், பிப்ரவரியில டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 1,800 காட்டுறது மே கடைசியில 4,000 தாண்டிரும். சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சு மாசம் ஒருவாட்டி பாருங்க. கோடையில தண்ணி விட்டே ஆகணும்னா தினம் தெளிக்கிறத விட்டுட்டு வாரம் ஒருவாட்டி நல்லா ஊற ஊற விடுங்க, விடிகாலையில விடுங்க. அப்பத்தான் உப்பு வேருக்கு கீழ தள்ளப்படும், இலை மேலயும் தங்காது. உண்மையான வைத்தியம் மழை வந்துதான் செய்யும். ஒரு அடி மண்ணுல இருக்குற உப்புல பாதிய கழுவ அது வழியா 15 செ.மீ. தண்ணி இறங்கணும், 30 செ.மீ. இறங்குனா முக்காவாசிக்கு மேல போயிரும். நம்ம மாவட்டத்துக்கு வருஷத்துக்கு 80 செ.மீ. சொச்சம்தான் மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிருது. மாடி தண்ணியும் சேந்து ஓடுறதால வாய்க்காவுக்கு அதவிட பல மடங்கு கிடைக்கும், ஆயிரம் சதுர அடி மாடியில ஒரு செ.மீ. மழை பேஞ்சாலே 900 லிட்டருக்கு மேல. அதனால வடிகால் மட்டும் சரியா இருந்துச்சுன்னா உப்பு வருஷா வருஷம் தானா கழுவிரும்.

வைத்தியத்தவிட பெரிசு எந்த புல்லுங்கிறதுதான், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்லணும்.

கார்பெட் கிராஸ்னு அகல இலையா பச்சபசேல்னு நர்சரியில காட்டுவாங்க, அத கடலோரத்துக்கு வாங்காதீங்க. நிழலும் ஈரமும் புளிப்பு மண்ணும் கேக்குற புல்லு அது, உப்பு சுத்தமா தாங்காது. கொரியன் கிராஸ் மெத்து மெத்துன்னு அழகா இருக்கும், வாசப்பக்கத்துக்கு சரி, வாய்க்கா அடிக்கு சரிவராது. மேடு மேடா குமியும், பிச்சுக்கிட்டா திரும்ப மூட ஒரு வருஷம் ஆகும். அதோட சொந்தக்கார புல்லுதான் மணிலா கிராஸ், அது நல்லாவே உப்பு தாங்கும், மணல்ல வளரும், ஆனா தண்ணி நாள் கணக்கா நின்னா வாடும், அதனால சரிவோட மேல் பாதிக்கு போடலாம்.

அடிக்கு எது? கேட்டா நான் முதல்ல அருகம்புல்லத்தான் சொல்லுவேன். கண்மாய் கரையில, வரப்புல, சாமிக்கு கிள்ளி வைக்கிற அதே அருகு. உப்பும் தாங்கும், நாலஞ்சு நாள் தண்ணியில முங்குனாலும் எந்திரிக்கும், கோடையில மேல காஞ்ச மாதிரி கிடந்தாலும் கிழங்கு உள்ள உயிரோட இருந்து முதல் மழைக்கு துளிர்க்கும். வெயில் மட்டும் கட்டாயம் வேணும். கடல் தண்ணி ஏறுற எடம், உப்பளம் பக்கம், போர் தண்ணி வாயில வைக்க முடியாத எடம்னா பாஸ்பலம். லான் புல்லுலயே உப்பு தாங்குறதுல அதுக்கு மேல ஒண்ணு இல்ல, தண்ணி நின்னாலும் கவலப்படாது, விலைதான் கூட, தேடி வாங்கவும் வேண்டியிருக்கும். பாஸ்பலம்னு சொல்லி வேற எதையாவது குடுத்துருவாங்க, பூக்கதிர் வந்த செடிய பாத்து வாங்குங்க, ஒரு தண்டு உச்சியில ரெண்டு கதிரு வி மாதிரி பிரிஞ்சு நிக்கும், அருகுக்கு நாலஞ்சு கதிரு விரல் மாதிரி விரியும்.

விதை போடாதீங்க, வாய்க்கால்ல விதை நிக்காது, முதல் மழைக்கே கலுங்குல போய் சேந்துரும். கரணைய, அதாவது கணுவோட பிச்ச தண்ட நடுங்க. ஷீட்டா விரிக்கிறதா இருந்தா அது எந்த மண்ணுல வளந்ததுன்னு கேளுங்க. கீழக்கரையில ஒரு காக்கா (அங்க முஸ்லிம் அண்ணன்மார அப்படித்தான் கூப்பிடுவோம்) வீட்ல நடந்தது இது, நர்சரியில இருந்து செம்மண் ஒட்டுன ஷீட் வாங்கி அப்படியே கடல்மணல் மேல விரிச்சிருந்தாங்க, ஆறு மாசம் கழிச்சு நான் ஓரத்த பிடிச்சு தூக்குனா பாய சுருட்டுற மாதிரி மொத்தமும் கையோட வருது. காக்கா பதறிட்டாரு, "என்ன தம்பி, வேரே விடலயா?"ன்னாரு. "வேரு விட்டிருக்கு காக்கா, செம்மண்ணுக்குள்ளயே சுத்திக்கிட்டு கிடக்கு, மணலுக்குள்ள இறங்கல"ன்னு காட்டுனேன். ஒட்டியிருக்குற களிமண்ண தண்ணியில அலசிட்டு வச்சிருந்தா இறங்கியிருக்கும். திரும்ப அதே புல்ல அலசி கரணையா பிச்சு நட்டோம், மூணு மாசத்துல மூடிருச்சு.

எப்ப நடணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நான் பொங்கல் முடிஞ்ச கையோட நடுவேன். மண்ணு அப்பத்தான் மழையில உப்பு கழுவி சுத்தமா இருக்கும், போர் தண்ணியும் நல்லா இருக்கும், அடுத்த மழைக்கு முன்னாடி ஒன்பது மாசம் வேர் பிடிக்க நேரம் இருக்கு. செப்டம்பர் கடைசியில நட்டு அக்டோபர்ல வெள்ளத்துல குடுத்தவங்கள நிறைய பாத்துட்டேன்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இது உப்பும் இல்ல, தண்ணி குறையும் இல்ல. நம்ம கடல்மணல்ல சிப்பி, சங்கு, பவளப்பாறை பொடி எல்லாம் கலந்து கிடக்கு, மொத்தமும் சுண்ணாம்பு. ஒரு பிடி மண்ணுல வினிகர் ஊத்துங்க, நுரைச்சு பொங்குனா உறுதி. சுண்ணாம்பு மண்ணுல இரும்பு இருந்தும் புல்லால எடுக்க முடியாது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), அதோட அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாயங்காலம் இலை மேல தெளிங்க, ஒரு வாரத்துல பச்சை திரும்பும். தரை டைல்ஸ் மேல பட்டா துருக்கறை போகவே போகாது, ஜாக்கிரதை. பழைய இலை முதல்ல மஞ்சளாகி புது இலை நல்லா இருந்தா அது தழைச்சத்து குறை, அதுக்கு மக்குன எரு போதும். யூரியாவ வாய்க்கால்ல போடாதீங்க, முக்கியமா மழைக்கு முன்னாடி. அடுத்த மழையில கரைஞ்சு மணல் வழியா உங்க கிணத்துக்கோ கடலுக்கோதான் போகும்.

வெட்டுன மறுநாள் புல்லு வெள்ளையா, குச்சி குச்சியா நிக்கிது

நுனிய கையில எடுத்து பாருங்க. நாரு நாரா கிழிஞ்சிருந்தா பிளேடு மொண்ணை. கடலோரக் காத்துல பிளேடு ஒரு வாரத்துல துரு பிடிச்சுரும், மணலும் சேந்து தேய்ச்சுரும், அதனால மத்த ஊர்க்காரங்கள மாதிரி சீசனுக்கு ஒருவாட்டி சாணை பிடிச்சா பத்தாது, நாலு வெட்டுக்கு ஒருவாட்டி பிடிக்கணும், வெட்டி முடிச்சதும் நல்ல தண்ணியில தொடச்சு எண்ணெய் தடவி வைக்கணும்.

நுனி சுத்தமா வெட்டுப்பட்டு தண்டு மட்டும் வெள்ளையா தெரிஞ்சா ஒட்ட வெட்டிட்டீங்க. இந்த ஒரு தப்புதான் நம்ம பக்கம் பாதி வாய்க்காவ கெடுக்குது. கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி இருந்தாதான் சுத்தமா இருக்குன்னு ஒரு எண்ணம். வாய்க்கால்ல புல்லுக்கு வேலை வேற. தண்ணி ஓடும்போது ஒவ்வொரு இலையும் ஒரு சின்ன தடுப்பு, வேகத்த குறைக்கும், வேகம் குறைஞ்சா வண்டல் கீழ படியும், மண்ணுக்குள்ள இறங்க நேரம் கிடைக்கும். ஓடுற தண்ணியோட உயரத்தவிட புல்லு உயரமா நிக்கணும். ஒட்ட வெட்டுனா தண்ணி தலைக்கு மேல வழுக்கிட்டு போயிரும், வேரும் மேலயே தங்கிரும், கோடையில மண்ணுக்கு நிழலும் இல்லாம உப்பு மேல ஏறும்.

அருகும் பாஸ்பலமும் வாய்க்கால்ல 7 இல்ல 8 செ.மீ. நிக்கட்டும், மணிலா 5 இருந்தா போதும். ஒருவாட்டி வெட்டும்போது மொத்த உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க. வெளியூர் போயிட்டு வந்து பாத்தா முட்டளவு வளந்து கிடக்குன்னா ஒரே நாள்ல இறக்காம வாரம் விட்டு வாரம் மூணு தடவையா இறக்குங்க. ரொம்ப உயரமா விட்டுட்டாலும் தப்புதான், 15 செ.மீ. தாண்டுன அருகு தண்ணி வந்ததும் படுத்துரும், படுத்த புல்லு மேல தண்ணி பாய் மேல ஓடுற மாதிரி ஓடும்.

மாசக்கணக்கு சொல்லணும்னா மார்கழி கடைசியில மண்ணு காஞ்சதும் முதல் வெட்டு, மாசி பங்குனியில பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு, சித்திரை வைகாசியில மிஷின தொடாதீங்க, அப்ப புல்லுக்கு இருக்குற ஒவ்வொரு இலையும் வேணும். கடைசி வெட்டு செப்டம்பர் நடுவுல. அக்டோபர் மழை வரும்போது புல்லு நிமிந்து நிக்கும். வெட்டுன புல்ல மேட்டுப்பகுதியில அப்படியே விட்டா உரம், வாய்க்காக்குள்ள விட்டா மழையில அடிச்சுட்டு போய் கலுங்கு வாய அடைக்கும், வாரி எடுத்து எருக்குழியில போட்டுருங்க. ஒவ்வொரு தடவையும் வேற திசையில ஓட்டுங்க, ஒரே தடத்துல சக்கரம் போனா அந்த தடமே குட்டி ஓடையாயிரும்.

சரிவு ரொம்ப செங்குத்தா இருந்து மிஷின் ஓட்ட முடியலன்னா அது வாய்க்கா வெட்டுன தப்பு, ஒரு அடி இறக்கத்துக்கு மூணு அடியாவது அகலம் இருக்கணும். அதுவரைக்கும் நைலான் கயிறு போட்ட பிரஷ் கட்டர்ல வெட்டலாம், கயிறு மண்ணுல படாம தூக்கிப் பிடிக்கணும். முதல்ல ஒரு கம்பால தட்டிக்கிட்டே நடந்து கல்லு, பாட்டில், மீன்வலை நூலு எல்லாம் பொறுக்கிருங்க. சுருட்டை விரியன் நம்ம பக்கம் உண்டு, பூட்ஸும் கண்ணாடியும் இல்லாம எந்த பையனையும் இறக்கிவிடாதீங்க.

நடுவுல கீறல் விழுந்து மண்ண அரிக்குது

2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ. சுமார் கொட்டுச்சே, அதுக்கு மறுநாள் நான் பராமரிக்கிற ஒரு லாட்ஜுக்கு போய் பாத்தேன். ஒரே வாய்க்கா, மேல் பாதியில புல்லு ஒண்ணும் ஆகாம வண்டல் பிடிச்சு நிக்கிது, கீழ் பாதியில முழங்கால் ஆழத்துக்கு பள்ளம். ரெண்டுக்கும் ஒரே புல்லுதான். வித்தியாசம் என்னன்னா கீழ் பாதிய, ஒரு கல்யாண பார்ட்டிக்காக நாலு நாள் முன்னாடி ஆள் வச்சு ஒட்ட செதுக்கியிருக்காங்க, அதோட நாலு குழாய் தண்ணியும் அந்த ஒரே எடத்துல உசரத்துல இருந்து விழுந்திருக்கு.

குழாய் விழுற எடத்துல கட்டாயம் கல் பாவணும், ரெண்டு மூணு கிலோ எடை உள்ள கல்லா, கீழ சாக்குத்துணி மாதிரி தடிச்ச வடிதுணி போட்டு. வாட்டம் பத்து மீட்டருக்கு 10ல இருந்து 20 செ.மீ. இறக்கம் போதும், அதுக்கு மேல இருந்தா அங்கங்க ஒரு ஜாண் உயரத்துக்கு குறுக்க கல் வரிசை வச்சு படி படியா ஆக்குங்க, கல்லோட நடு தாழ்வாவும் ஓரம் உசரமாவும் இருக்கணும், இல்லன்னா தண்ணி ஓரத்த சுத்திக்கிட்டு கரைய அரிக்கும். இருக்குற கீறல மண்ணக் கொட்டி மூடுனா அடுத்த மழையில அதே எடம் பிச்சுக்கும், ரெண்டு பக்கமும் வெட்டி அகலமாக்கி இறுக்கி, ஷீட் புல்ல குறுக்குவாட்டுல பதிச்சு மூங்கில் குச்சி அடிச்சு நிறுத்துங்க. கலுங்கு வாயில புல்ல நம்பாதீங்க, வெட்டிவேர் ரெண்டு வரிசை நெருக்கமா வைங்க, அது கீழ ஆள் உயரத்துக்கு மேல வேர் விடும்.

தண்ணி வாய்க்காக்குள்ள வராம முத்தத்துலயே தேங்குது

புல்லு நல்லா இருக்கும், ஆனா சிமெண்டு தரை ஓரத்துல தண்ணி குட்டையா நிக்கும். புல்லு தன் வேலைய நல்லா செஞ்சதால வந்த வினை இது. வருஷா வருஷம் ஓரத்துல வண்டல பிடிச்சு அதுமேலயே வளந்து வளந்து, தரைய விட உசரமா ஒரு வரப்பு கட்டிருச்சு. ஓரத்துல ஒரு அடி அகலத்துக்கு புல்ல ஷீட்டா வெட்டி எடுத்துட்டு, அடியில இருக்குற மண்ண தேவையான அளவு கழிச்சுட்டு அதே புல்ல திரும்ப வைங்க. தரை மட்டத்தவிட புல்லோட மண்மட்டம் ரெண்டு அங்குலம் கீழ இருக்கணும். மூணு வருஷத்துக்கு ஒருவாட்டி இது தேவைப்படும்.

கோரை ஏறிருச்சு, இல்ல நெருஞ்சி ஏறிருச்சு

மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி அது என்ன சொல்லுதுன்னு பாருங்க. கோரை வந்தா அங்க தண்ணி தேங்குது, மேல முதல்ல சொன்னத போய் பாருங்க. நெருஞ்சி வந்தா அங்க புல்லு மெலிஞ்சு மண்ணு வெயில்ல திறந்து கிடக்கு, ஒட்ட வெட்டுறத நிறுத்துங்க, கரணை நடுங்க. நெருஞ்சிய காய் பிடிக்கிறதுக்கு முன்னாடி வேரோட பிடுங்கணும், கோரைய கிழங்கோட. கிணத்துக்கு பக்கத்துல களைக்கொல்லி வேண்டவே வேண்டாம், தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கத்தான் இந்த வாய்க்காவே, அதுல எத ஊத்துனாலும் குடத்துக்குத்தான் வரும். சீமைக்கருவேலம் கன்னு தலைகாட்டுனா ஒரு விரல் அளவுலயே பிடுங்குங்க, மிஷின்ல வெட்டுனா அடியில இருந்து நாலா கிளைக்கும்.

வட்ட வட்டமா செத்துப்போகுது

நவம்பர் டிசம்பர்ல, ராத்திரி ஈரத்துல, காலையில பாத்தா சிலந்தி நூல் மாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சை. தழைச்சத்த நிறுத்துங்க, வடிகால சரிபண்ணுங்க, அந்த எடத்த கடைசியா வெட்டி பிளேட கழுவுங்க. மைனாவும் கொக்கும் ஒரே எடத்துல கொத்திக்கிட்டு இருந்தா புழு. ஒரு வாளி தண்ணியில ரெண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவுற சோப்பு கலக்கி ஒரு சதுர மீட்டர்ல ஊத்துங்க, இலை தின்னுற புழுவா இருந்தா பத்து நிமிஷத்துல மேல வந்துரும். வரலன்னா புல்ல பிடிச்சு இழுங்க, வேர் இல்லாம கையோட வந்தா மண்ணுக்கடியில வெள்ளப்புழு இருக்கு, வேப்பம்புண்ணாக்கு பொடிய போட்டு தண்ணி விடுங்க. அஞ்சாறு புழு இருந்தா பறவையே பாத்துக்கும்.

மரத்தடியில புல்லே பிடிக்கல

அருகு நிழல்ல வராது, எத்தன தடவ நட்டாலும் வராது. புங்கமரம் வேப்பமரத்து அரை நிழலுக்கு பஃபலோ கிராஸ்னு அகல இலையா ஓடுற புல்லு இருக்கு, அது உப்பையும் ஓரளவு தாங்கும். முழு நிழல்னா புல்ல விட்டுட்டு சருக பரப்பி விடுங்க, சருகும் தண்ணிய நிறுத்தும்.

தென்கடல் பக்கம் வீடு, ஆடியில கடல் பாத்த பக்கம் மட்டும் கருகுது

கச்சான் காத்து, அதாவது தென்மேற்குக் காத்து கொண்டு வர்ற உப்புச்சாரலும் மணலும்தான் காரணம். வேர் நல்லா இருக்கும், இலைதான் போகும், அதனால பிடுங்கிப் போட்டுறாதீங்க. முதல் மழைக்கு திரும்பிரும். காத்து வர்ற பக்கம் தென்னை ஓலைத்தட்டி மூணடி உயரத்துக்கு கட்டி வைங்க.

இங்க ஒண்ணு கேட்டுக்கிறேன். கடல் பக்கம் லான் வேணும்னு சொல்லி மணல்மேட்டுல இருக்குற ராவணன் மீசையையும் அடம்பங்கொடியையும் வழிச்சு எடுத்துட்டு புல்லு விரிக்க சொல்லி ரெண்டு எடத்துல கேட்டாங்க, நான் மாட்டேன்னுட்டேன். அந்த மணல பிடிச்சு நிறுத்தியிருக்குறதே அந்த ரெண்டும்தான், எந்த லான் புல்லும் அந்த வேலைய செய்யாது, அத எடுத்துட்டா அடுத்த ஆடிக்கு மணலு உங்க வாய்க்காலயே வந்து நிரம்பும். ஏற்கனவே எடுத்துட்டிருந்தா அடம்பங்கொடி தண்டு ஒரு முழம் வெட்டி கார்த்திகையில ஈர மணல்ல ரெண்டு கணு புதையிற மாதிரி படுக்க வைங்க, வெயில் ஏறுறதுக்குள்ள ஓடிரும். ஆடு ஏறாம மட்டும் ஒரு மாசம் முள்ளு போட்டு காப்பாத்துங்க.